மூக்கு தாழ்ந்த ஜீப்

அந்த ஸ்பிரிங் பட்டறையின் மீது மூன்று தலைமுறையாக ஒருவரும் புகார் கொடுத்ததில்லை. பெரியவர் இதை வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம் சொல்வார். யாரும் வராத நாளில் மருமகனிடம் சொல்வார்.

அன்று காலை ஒரு ஜீப் வந்து நின்றது. முன்பக்கம் புத்தம்புது வின்ச். சேற்றில் சிக்கினால் வடத்தை மரத்தில் கட்டி வண்டியைத் தானே இழுத்துக்கொள்ள வைக்கும் இயந்திரம். இறங்கியவர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். எண்ணெய்ப் பிசுக்கில் கால் வைக்க மனமில்லாமல் வாசலில் நின்றே பேசினார்.

"வின்ச் மாட்டினதிலேர்ந்து மூக்கு தாழ்ந்துபோச்சு. நல்ல முரட்டு ஸ்பிரிங்கா போட்டுக் குடுங்க. இன்னைக்கே வேணும்."

பெரியவர் குந்தி உட்கார்ந்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தார். பிறகு வின்ச்சுக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கியிருந்த இரும்புப் பெட்டியைப் புறங்கையால் தட்டினார்.

"இது என்ன?"

"அது... வின்ச்சுக்கு முட்டுக் குடுத்திருக்கு."

"சரி" என்று எழுந்தார்.

உள்ளே வந்ததும் மருமகனிடம் குரலைத் தாழ்த்தினார். "வின்ச்சோட கனத்துக்கு ஒரு விரக்கடை இறங்கலாம் மாப்பிள்ளை. இது மூணு விரக்கடை இறங்கியிருக்கு."

மருமகனுக்குக் காலையில் படித்த பேப்பர் ஞாபகம் வந்தது. "மாமா, பக்கத்து டவுன்ல வெள்ளிப் பட்டறையில கட்டி கட்டியா திருடு போயிருக்கு. ரோட்டுக்கு ரோடு செக்போஸ்ட். அதான் மூக்கைத் தூக்கி நிறுத்தப் பாக்குறான். போலீசுக்குப் போன் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க. நாளைக்கு பேப்பர்ல அவன் போட்டோவுக்குப் பின்னாடி நம்ம போர்டு தெரியும். உங்க மாமியார் அதை வெட்டி பிரேம் போட்டு மாட்டட்டும்."

"அதுக்காக திருடனுக்கு ஒத்தாசை பண்றதா?"

"யாரு பண்றா? எடைக்கு ஏத்த ஸ்பிரிங் போடுறது நம்ம குடும்ப வழக்கம். யாருக்காகவும் அதை மாத்த முடியாது."

அலமாரியில் மூன்று ஜோடி ஸ்பிரிங்குகள் இருந்தன. வெறும் வண்டிக்குப் பச்சைப் புள்ளி, வின்ச் வைத்த வண்டிக்கு மஞ்சள், அதற்கும் மேல் பாரம் சுமக்கிற வண்டிக்குச் சிவப்பு.

"சிவப்பையே போட்டுடுங்க" என்றார் வெள்ளை ஷூக்காரர் வாசலிலிருந்து.

"பாரமில்லாம சிவப்பு போட்டா வண்டி தவளை மாதிரி குதிக்கும். வின்ச்சைத் தவிர வேற ஏதாவது பாரம் இருக்கா?"

வெள்ளை ஷூக்காரர் வாயைத் திறந்து மூடினார். "இல்ல. வின்ச் மட்டும்தான்."

"அப்ப மஞ்சள். மூக்கு தாழ்ந்தா காசு வாபஸ்."

ஜீப்பின் முகம் சுவரைப் பார்க்க, அடியில் நின்று வேலை செய்வதற்கான குழியின் மேல் உள்ளே ஏற்றினார்கள். ஜாக்கில் நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் வெளியாள் வரக்கூடாது என்பது பட்டறை விதி. வெள்ளை ஷூக்காரர் முன்னறை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ஜீப்பின் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த டீ ஆறிப்போனது.

"நான் குழியில இறங்குறேன் மாமா."

"வேணாம். நீங்க அவருக்குப் பேச்சுத்துணையா இருங்க" என்று காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார் பெரியவர். அவர் குழியில் இறங்கி வருடக்கணக்காகிறது.

துருப்பிடித்த போல்ட்டுகள் கீச்சிட்டன. கழற்றிய இரும்பு பழைய சாமான் பீப்பாயில் டங் டங்கென்று விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வேலை முடிந்ததும் மருமகன் எட்டிப் பார்த்தான். மஞ்சள் ஸ்பிரிங்தான். அவன் முகம் மலர்ந்தது.

"இப்பப் புரியுது மாமா. கொஞ்ச தூரம் போனதும் மஞ்சள் அமுங்கிடும். செக்போஸ்ட்ல மூக்கு குத்திக்கிட்டு நிப்பான். நம்ம கை படாம மாட்டிக்குவான்."

பெரியவர் ஜாக்கை இறக்கினார்.

ஜீப் பின்னால் நகர்ந்து வெளிச்சத்துக்கு வந்தது. முன்னும் பின்னும் ஒரே மட்டம். வெள்ளை ஷூக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பூரிப்பில் கூலிக்கு மேல் ஒரு நோட்டை நீட்டினார்.

பெரியவர் அதைத் தொடவில்லை. "கூலிக்கு மேல கை நீட்டுறது எங்க பரம்பரையிலேயே கிடையாது."

ஜீப் தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியது. மூக்கு ஒரு நூல்கூடத் தாழவில்லை.

"என்ன மாமா இது?" மருமகன் திரும்பினான். "அவ்வளவு பாரத்தை மஞ்சள் எப்படித் தாங்குது?"

பெரியவர் பழைய சாமான் பீப்பாயின் மேல் கோணியை நன்றாக இழுத்து மூடினார். "வின்ச் மட்டும்தான்னு அவர் வாயாலேயே சொன்னாரே மாப்பிள்ளை. இனிமே யார்கிட்ட போய்ப் புகார் குடுப்பாரு?"