இருபத்தாறு

திரையில் அந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.

இன்று எங்கள் ஆலை செய்யும் சோலார் செல், தன் மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு இருபத்துநாலு பங்கை மின்சாரமாக்குகிறது. மூன்று வருடத்தில் அது இருபத்தாறு ஆகும் என்கிறது திட்டம். அதற்குப் பாதி ஆலையைப் பெயர்த்துப் புது இயந்திரங்களை வைக்க வேண்டும்.

கோட்டைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையிலிருந்த தாளை மடித்தேன், பிரித்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி மடித்தேன். பக்கத்தில் இருந்த பராமரிப்புப் பொறியாளர் தன் நாற்காலியை அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அந்த இருபத்தாறு எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் எனக்கும் இவருக்கும்தான் தெரியும். சோதனைக்குச் செய்தது ஐந்நூறு செல். அதில் ஒன்றே ஒன்று இருபத்தாறைத் தொட்டது. மீதி அத்தனையும் இருபத்துநாலிலேயே படுத்துவிட்டன.

அந்த ஒன்று கிடைத்த அன்று இவர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது அதுதான் ஐந்நூறுக்கும் சேர்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரையில் நிற்கிறது.

இருப்பதில் அழகானதை முன்னால் நிறுத்திப் படம் காட்டுவது எங்கள் துறையில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அதை நம்பி யாரும் ஆலையைப் பெயர்ப்பதில்லை. மூன்று வருடம் கழித்து இருபத்தாறு வரவில்லை என்றால் அறுநூறு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இன்றே உண்மை வெளியே வந்தால் போவது ஒருவருடைய மானம் மட்டும்தான். அந்த ஒருவரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

முதலாளிக்கு ஆலையில் ‘சுருக்கமா’ என்று பட்டப்பெயர். கேள்வி இருந்தால் சுருக்கமாகக் கேட்கச் சொன்னார். யாரிடமும் இல்லை. திட்டக் கோப்பில் கையெழுத்துப் போடக் குனிந்துவிட்டார்.

நான் எழுந்தேன்.

“சார், அந்த இருபத்தாறு எத்தனை செல்லோட சராசரி?”

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். வீட்டுச் சண்டை ஆபீஸ் வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஐநூறு, மேடம்.”

கூசாமல் சொன்னார். பதினோரு வருடத்தில் இவர் என்னிடம் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லி மாட்டிக்கொள்ளாமல் இருந்ததில்லை.

முதலாளி என்னை உட்காரும்படி கை காட்டினார்.

நான் உட்காரவில்லை. ஐந்நூறு செல்லுக்குமான அளவுத் தாளைக் கொண்டுவரச் சொன்னேன்.

இவர் கையிலிருந்த ரிமோட்டை மேஜையில் வைத்தார். வேர்த்திருந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு செல்தான் என்று ஒப்புக்கொண்டார்.

முதலாளி அந்தக் கோப்பைக் கையெழுத்துப் போடாமலே மூடிவிட்டு எழுந்து போனார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கட்டியவனைச் சபையில் காட்டிக்கொடுத்தவளைப் பார்க்கும் பார்வை அது.

இன்று காலை வாசலில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் இவர் சொன்னதை அவர்களிடம் சொல்ல முடியாது.

“நானா வாயத் திறக்க மாட்டேன், எனக்கே தெரியும். நீ கேட்டுடு. மழுப்பினா விட்டுடாத.”