கணவர் நிற்க வேண்டிய இடம்

பிரசவ அறைக்குள் நுழைந்த மனிதர் பச்சை அங்கியைக் கைகளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றார். யாராவது பின்னால் வந்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள் என்று நினைப்பு போலும்.

யாரும் போகவில்லை. எனக்குத் தலைக்கு மேல் வேலை.

கடைசியில் அவரே கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். நாடா அகப்படவில்லை. கட்டிலில் கிடந்த அவர் மனைவிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

தலைமாட்டில் நிற்கச் சொன்னேன். நின்றார்.

மானிட்டர் திரையைப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். அதை மட்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி, வலி விட்டதும் ஏறியது. அவர் முகமும் கூடவே இறங்கி ஏறியது.

அடுத்த வலியில் துடிப்பு நூற்றுக்குக் கீழே போனது.

"போதும்! உடனே ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போங்க!" என்று சத்தம் போட்டார்.

பிரசவ டாக்டர் பக்கத்து அறையில் இன்னொருத்திக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். இங்கே முடிவு என் கையில். குழந்தையின் தலை என் விரலுக்கு எட்டிவிட்டது. தலை இறங்கி அழுத்தும்போது துடிப்பு குறையும், வலி விட்டதும் சரியாகிவிடும். எத்தனையோ பிரசவத்தில் பார்த்ததுதான்.

"அந்த ஸ்டூல்ல உக்காருங்க. அவங்க கையப் பிடிச்சுக்கங்க. இத நான் பாத்துக்கறேன்."

மனிதர் என் முகத்தைப் பார்த்தார்.

உட்கார்ந்தார்.

எனக்கு உதவியாக நின்ற நர்ஸ், கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தாள். துண்டை எடு என்று கண்ணாலேயே அவளை அதட்டினேன்.

நாலே வலி. தலை வந்தது. கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது. விரலை நுழைத்து அதைத் தலைவழியாகக் கழற்றினேன். வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்து சேர்ந்தாள் மகராசி.

அழவில்லை.

துண்டால் முதுகைத் தேய்த்தேன். பாதத்தைச் சுண்டினேன். ஸ்டூலில் இருந்தவர் மூச்சே விடவில்லை.

அப்புறம் அழுதாள் பாருங்கள், ஊரைக் கூட்டுகிற அழுகை! எத்தனை பிள்ளைகளைக் கையில் வாங்கினாலும் அந்தச் சத்தத்துக்கு எனக்குக் கண் கலங்கிவிடும். தாய் சிரித்தாள், நான் சிரித்தேன், துண்டைப் பிடித்திருந்தவளும் சிரித்தாள். அவர் மட்டும் ஸ்டூலில் இருந்தபடியே தேம்பித் தேம்பி அழுதார்.

பிறகு எழுந்து பக்கத்தில் வந்தார். கைகளை நீட்டினார்.

"நான் தூக்கலாமா, சிஸ்டர்?"

அவர்தான் எங்கள் ஆஸ்பத்திரியின் தலைமை சர்ஜன். இந்தப் பதினோரு வருடத்தில் என்னிடம் ஃபைல் கேட்டிருக்கிறார், பேனா கேட்டிருக்கிறார், நாலு பேர் முன்னால் விளக்கம் கேட்டிருக்கிறார். அனுமதி கேட்டதில்லை.

உடனே கொடுத்துவிடவில்லை. குழந்தையை நன்றாகச் சுற்றுகிற சாக்கில், அவரை ஒரு நிமிடம் நிற்கவைத்தேன்.