மதில்மேல் சோறு

காகம் வந்தால்கூட போன் அலறுகிறதே என்று, மதில் சென்சாரை ‘ஆள் வந்தால் மட்டும்’ என்று மாற்றிவைத்தான் தயாளன். காலை முழுக்க வீடு நிம்மதியாக இருந்தது. மதியம் தாண்டியும் அம்மா சாப்பிடவில்லை. இறந்துபோன அப்பாவுக்கென்று மதிலில் சோறு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் அவள் தட்டில் கை வைப்பாள். முழங்கால் வலியால் இப்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதில்லை. போன் அடித்தால் காகம் வந்ததாகக் கணக்கு.

“உங்கப்பா இன்னும் வரலையேடா.”

அவன் வெளியே போய்ப் பார்த்தான். மதிலில் ஒரு பருக்கைகூட இல்லை. காகம் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது.

“வந்து சாப்பிட்டாச்சும்மா. நீ உக்காரு.”

அம்மா போனைப் பார்த்தாள்.

“அது வெறும் காக்காடா. அவர் வந்தா அடிக்கும்.”

தயாளன் போனை எடுத்தான். ஆள், வண்டி, பறவை என்று திரையில் மூன்றே கட்டங்கள் இருந்தன. எதைத் தொடுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.