கருப்பு மூடி

கையில் சிக்கவில்லை.

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். முதுகுக்குக் கீழே உரச்சாக்கு. மூக்குக்கு மேலே மருமகனின் கார்.

பழைய ஆயில் முழுவதும் பிளாஸ்டிக் பேசினில் இறங்கிவிட்டது. அடி நட்டையும் திரும்ப முடுக்கிவிட்டார். அதுவரைக்கும் எல்லாம் முறையாகத்தான் நடந்தது. இனி ஃபில்டரைக் கழற்றிப் புதியதை மாட்டி, புது ஆயிலை ஊற்றிவிட்டால் தீர்ந்தது.

ஃபில்டரைக் காணோம்.

எஞ்சினின் பக்கவாட்டில் தகர டப்பா போல ஒன்று தொங்கும். கைக்கு அடங்கும். அவர் அறிந்தது அவ்வளவுதான். அதுவும் மெக்கானிக் கழற்றும்போது பக்கத்தில் நின்று டீ குடித்தபடி அறிந்தது.

உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார்.

கார் ஆடியது. உருண்டை ஆடவில்லை.

“சம்பந்தி, சிக்கிருச்சுங்களா?”

மருமகனின் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுச் சென்னியப்பனையும் வரவழைத்திருந்தார். அவருக்கும் ஒரு நாற்காலி.

“சிக்கிருச்சுங்க. கொஞ்சம் முறுக்கிக்கிட்டு நிக்குது.”

“திம்பம் மலையில, யானையப் பக்கத்துல வெச்சுக்கிட்டே ஃபில்டரக் கழட்டுனவருங்க எங்க சம்பந்தி.”

“யானை ஒண்ணும் பண்ணலீங்களா?”

“முடிக்கற வரைக்கும் நின்னு பாத்துட்டுப் போச்சாமுங்க.”

“செரி. இன்னைக்கு அதுக்குப் பதுலா நாம ரெண்டு பேரு இருக்கறமுங்க,” என்றார் சென்னியப்பன்.

நிச்சயதார்த்தத்தன்று, பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, அவர் சொன்ன கதையில் அந்த யானை வெகுதூரத்தில்தான் நின்றது. கல்யாணத்துக்குள் பம்பருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நடத்திக்கொண்டு வந்தவர் அவர்தான்.

புது ஃபில்டரின் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். தகரத்தையே காணோம். மடித்து மடித்து வைத்த வெறும் காகிதம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சொல்லிப் பார்க்கலாம்.

கடை சம்பந்தியின் தம்பியுடையது.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகலாம். ஆயில் இல்லாத காரை எப்படி ஓட்டுவது?

வெளியே போய்த் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். சிரிப்பார்கள். அவர் சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார். சிரிப்பு இங்கேயே தங்கிவிடும்.

மகளும் இங்கேதான் இருந்தாக வேண்டும்.

கொலுசு தெரிந்தது. பிறகு மகளின் முகம். குத்தவைத்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, டம்ளரை உள்ளே நீட்டினாள்.

“அப்பா, மோரு.”

குரல் இறங்கியது.

“மேலதானுங்கப்பா இருக்குது. பானெட்டத் தொறந்தா முன்னாடியே ஒரு கருப்பு மூடி. அதுக்குள்ள. போன்ல பாத்தனுங்க.”

டம்ளரை வாங்கிக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை. படுத்துக்கொண்டு மோர் குடிக்க முடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவள் எழுந்தாள்.

“மாமா, அப்பா அடியில எல்லாத்தையும் சோதிச்சுட்டாருங்க. எங்கயும் கசிவு இல்லீங்களாம். இனி மேல வந்து ஃபில்டரக் கழட்டறங்கறாரு.”

“அதுக்கா இத்தன நேரம்?” என்றார் சென்னியப்பன்.

“அப்பா எப்பவுமே அப்படித்தானுங்க. எங்கூரு டாக்டரு காருக்கு அடியில ஓணான் குஞ்சு பொரிச்சிருந்துச்சு. அதுகள எடுத்து வேலியில உட்டுட்டுத்தான் ஃபில்டரையே தொட்டாரு.”

“எத்தன குஞ்சு?”

“மூணுங்க. ஒண்ணுக்கு வாலு இல்ல.”

அவர்கள் ஊரில் டாக்டரே கிடையாது.

அவர் அடியில் அசையாமல் கிடந்தார். கதை விட்டால், கேட்டதும் எண்ணிக்கை சொல்லிவிட வேண்டும். கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கக்கூடாது. நாற்பது வருஷத்துத் தொழில் ரகசியம். யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சட்டையெல்லாம் மோரோடு வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் பானெட்டைத் தூக்கினார்.

கருப்பு மூடி. கும்பாபிஷேகக் கலசம் மாதிரி, தெருவில் போகிறவருக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தது.

மற்றதெல்லாம் கால் மணி நேரம். மூடியைத் திருகினார். கரி பிடித்த காகிதத்தை உருவினார். புதியதைச் செருகினார். ரப்பர் வளையத்தை மாற்றி மூடினார். ஆயில் ஊற்றினார். வண்டி கிளம்பியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“பாத்தீங்களா?” என்றார் சம்பந்தி.

சென்னியப்பன் தன் நாற்காலியைத் தானே மடக்கி வைத்துவிட்டுப் போனார்.

கொல்லைக் குழாயடியில் மகள் அவர் உள்ளங்கையில் சோப்புத்தூள் கொட்டினாள். கருப்பு நுரை ஓடியது. வேறு யாரும் இல்லை.

அவருக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது.

“உனக்குக் கஷ்டத்தக் குடுத்துட்டன் கண்ணு.”

“இதுல என்னுங்கப்பா இருக்குது. இங்க இதெல்லாம் பழகிருச்சு.”

கையைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

“நீ இங்க நல்லா இருக்கறதானே?”

“எனக்கென்னுங்கப்பா? ராணியாட்ட வெச்சிருக்கறாங்க. நேத்துக்கூட அவரு மல்லிப்பூ வாங்கியாந்தாரு. நாலு மொழம்.”

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கேட்காத எண்ணிக்கையும் சேர்ந்தே வந்தது.

அவர் குனிந்து, மறுபடி கையை நீட்டினார்.

“இன்னுங் கொஞ்சம் தூள் போடு சாமி.”