மரத்தடியில் கூடிய கிராமசபை

கொடியேற்றம் முடிந்ததும் வழக்கமாகப் பள்ளியின் பெரிய வகுப்பறையில்தான் கிராமசபை கூடும். இந்தச் சுதந்திர தினத்துக்கு யாரும் சொல்லாமலேயே ஆட்கள் பெஞ்சுகளைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் போட்டார்கள். "வெளிய நல்லா காத்து வருது" என்றார் தலைவர் மாசிலாமணி.

வீட்டுக்கு வீடு கொஞ்சம் ஊர்ப் பங்கு கட்டினால் மீதியை அரசு போட்டுப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழுப்பித் தரும் என்று தலைமையாசிரியை எஸ்தர் எடுத்துச் சொன்னார். பெரிய வகுப்பறையின் உத்தரத்துக்குக் கீழே ஓடும் விரிசலின் குறுக்கே பொறியாளர் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். சுவர் நகர்ந்தால் அது உடையும். "நேத்து உடைஞ்சிருச்சு. ஒருத்தராவது உள்ள வந்து பாருங்க" என்றார் எஸ்தர்.

யாரும் எழவில்லை.

"நாங்கல்லாம் படிச்ச கட்டடம் டீச்சர், இன்னும் பத்து வருசம் நிக்கும்" என்ற மாசிலாமணி, பங்கு வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். மரத்தடி முழுக்கக் கைகள் எழுந்தன. இறக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

பத்தடியில் திறந்து கிடந்த பள்ளியை விட்டுவிட்டு எல்லோரும் ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு ஓடினார்கள். அந்தச் சின்னக் கூரைக்குக் கீழே அதற்குமேல் இடமில்லை. பிள்ளைகள் மட்டும் ஆரஞ்சு மிட்டாயும் காகிதக் கொடியுமாக மழையில் நின்றார்கள். எஸ்தர் வகுப்பறை வாசலில் இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டார்.

டீக்கடையிலிருந்து மாசிலாமணி சத்தம் போட்டார். "வழி விடுங்க டீச்சர். பிள்ளைங்க நனையுதுல்ல?"