வெள்ளிக்கிழமை பாலே

"வெள்ளிக்கிழமை ஆனா எங்க வீட்டுக்காரர் மழமழன்னு ஷேவ் பண்ணிட்டு பாலே நடனம் பார்க்கக் கிளம்பிடறார். டிராம் ஓட்டற மனுஷனுக்கு இது என்ன புதுக் காதல்?" என்றாள் கபிதோலினா.

"காதல் பாலே மேலயா, ஆடறவ மேலயா? நேர்லயே போய்ப் பார்த்துடுவோம்டி," என்றாள் தோழி ஸோயா.

அந்த வெள்ளிக்கிழமையே பெர்ம் நகர அரங்கின் மேல்மாடத்தில் இருவரும் போய் உட்கார்ந்தார்கள். விளக்குகள் அணைந்தன. நீல வெளிச்சத்தில் நடனப் பெண்கள் முதல் பனி விழுவதுபோல மிதந்து வந்தார்கள். வயலின்கள் எழுந்து தாழ்ந்ததில், எதற்காக வந்தோம் என்பதே கபிதோலினாவுக்கு மறந்துபோனது.

ஸோயாவோ பைனாகுலரால் கீழே ஒவ்வொரு வரிசையாகத் துழாவினாள். "உன் வீட்டுக்காரர் ரோதியோனைக் காணவே காணோம்டி. உன்கிட்ட பொய் சொல்லிட்டு வேற எங்கேயோ போறார்."

கபிதோலினாவின் கண் மேடையை விட்டு நகரவில்லை. மேடையில் வெள்ளைத் தாடியும் கிரீடமுமாக ஒரு ராஜா மெல்ல நடந்து வந்தார். அவர் ஆடவில்லை. சிம்மாசனத்தில் அமர்ந்து, ஆடுகிறவர்களைக் கண் கொட்டாமல் பார்த்தார். இடது தோளைச் சாய்த்து நடந்த அந்த நடை அவளுக்குத் தெரியும்.

"கீழே தேடாதே ஸோயா. அவர் சிம்மாசனத்துல இருக்கார்."

ஸோயா மேடையைப் பார்த்தாள். பிறகு தோழியைப் பார்த்தாள். "அழறியாடி?"

"பேசாம நிமிர்ந்து உக்காரு. ராஜா இந்தப் பக்கம் பார்க்கறார்."