முன் டயர்க் கல்

எங்கள் பழைய கார் சாவிக்கு மசியாது. அதனால் என் கணவர் அதைத் தெருமுனை மேட்டில், எஸ்தர் வீட்டு வாசலில்தான் நிறுத்துவார். ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது என்பதால், நீலப் பெயிண்ட் சிந்திய அவள் வீட்டுக் கல் ஒன்று முன் டயருக்கு முட்டுக் கொடுத்திருக்கும். காலையில் அவர் ஏறி பிரேக்கை மிதித்ததும் எஸ்தர் ஒற்றைக் கையால் கல்லை எடுப்பாள். கார் சரிவில் உருண்டு உயிர் பெறும். அது மறையும்வரை கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

“நானே வந்து எடுக்கறேனே” என்றேன் ஒருநாள்.

“உனக்கெதுக்கு சிரமம்? அவங்க வாசல்லதானே இருக்காங்க.”

அவர் வெளியூர் போயிருந்தபோது மெக்கானிக்கை வரவழைத்தேன். பேட்டரியை மாற்றி, செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஹேண்ட் பிரேக்கையும் இறுக்கினார்.

“இனிமே சாவியத் தொட்டாப் போதும்க்கா.”

காரை எங்கள் வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன். கொட்டிய தண்ணீர்கூட ஓடாத சமதரை.

ஊரிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, “பரவால்லியே” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஒரே திருப்பில் கார் உறுமியது. ஆனால் நகரவில்லை. வெளியே வந்து பார்த்தேன். முன் டயரடியில் நீலப் பெயிண்ட் சிந்திய கல். அவர் பிரேக்கை மிதித்தபடி கண்ணாடியில் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்து எடுத்தேன். எனக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. கார் போய்விட்டது. கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.